கிலுகிலுப்பை விரியன் நாட்டில் வேட்டை நாய்கள்

தொட்டிற் குழந்தைக்கு நாம் முதலில் வாங்கித் தரும் விளையாட்டுப் பொருள் கிலுகிலுப்பை. சற்றே வளர்ந்த பின் அக்குழந்தை கட்டிப்பிடித்து உறங்குவது பஞ்சடைத்த கரடிப் பொம்மை. தமிழகத்தை விட்டு வடபுல நகரங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களிலும் இவை இரண்டும் உண்டு. இவ்விரண்டின் பெயர்களையும் ஒருங்கே நினைவூட்டும் நிலப்பகுதி ஒன்று அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் இருக்கிறது. வாலில் கிலுகிலுப்பையைத் தாங்கிய கொடிய விரியன் பாம்பு அங்கே வாழ்கிறது. உலகக் குழந்தைகளின் கரடிப் பொம்மையோ அங்கே நடந்த ஒரு நாய் வேட்டையின் விளைவாகப் பிறந்தது.

அந்த வேட்டையால் பெயர் பெற்றவர் ஒருவர். அந்த வேட்டையை நடத்தியவர் மற்றொருவர். அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மனோர்க்கு இது புதிய செய்தியன்று. கோப்பில் குறிப்பு எழுதுபவர் ஒருவர். ஆணையில் கையொப்பம் இடுபவர் வேறொருவர். காலம் கடந்தபின் ஆணையைப் படிப்போர் கையொப்பத்தை மட்டுமே காண்பர். வரலாறும் பலவேளைகளில் இம்முறையிலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வேட்டை நாய்களின் வழியே சென்று, மறைந்துபோன குறிப்பெழுத்தாளர் ஒருவரைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பாம்பும்

கிலுகிலுப்பை விரியன்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. கனடாவின் தென்பகுதி முதல் அர்ஜென்டினா வரை முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் காணப்படுகின்றன. ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இவை இயற்கையாக வாழ்வதில்லை. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே, இரையின் உடற்சூட்டை உணரும் குழி ஒன்று இவற்றுக்கு உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் குழிவிரியன்கள் இவற்றின் உறவினங்களே. வாலின் நுனியிலுள்ள கிலுகிலுப்பை, நம் விரல் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளால் ஆன வளையங்களின் கோவை. தோலுரிக்குந்தோறும் ஒரு வளையம் கூடும். ஆனால் ஓராண்டில் பலமுறை தோலுரிப்பதாலும், பழைய வளையங்கள் உடைந்து விழுவதாலும், வளையங்களை எண்ணிப் பாம்பின் வயதைக் கூறிவிட இயலாது. நம் நாட்டுச் சுருட்டை விரியன் செதில்களை உரசி ஒலியெழுப்பி அச்சுறுத்துவதை அறிந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை ஒலியின் பயன் எளிதில் விளங்கும்.

அமெரிக்க மக்கள் இப்பாம்பைத் தம் நாட்டின் அடையாளமாகவே கருதிய காலம் உண்டு. 1754-ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின், பிரிந்து கிடந்த குடியேற்றங்களைத் துண்டு துண்டாக வெட்டப்பட்ட பாம்பாகச் சித்திரித்து, ஒன்றுபடாவிடில் அழிவே என்று எச்சரித்தார். 1775-இல் கிறிஸ்டபர் காட்ஸ்டன் என்பாரின் பெயரால் வழங்கும் மஞ்சட் கொடியில், சுருண்டு கிடக்கும் கிலுகிலுப்பை விரியன் இடம் பெற்றது. தானாக வலியச் சென்று தாக்காது, மிதித்தால் விடாது என்னும் கருத்தையே அப்பாம்பில் அவர்கள் கண்டனர்.

மிசிசிப்பி ஆற்றின் வண்டல் சமவெளியில், மூங்கிலினத்தைச் சேர்ந்த ஒருவகை நாணல் அடர்ந்த புதர்களாக வளர்ந்திருந்தது. இருபதடிக்கு மேலும் உயர்ந்து, மனிதன் கத்தியால் வெட்டி வழி செய்தாலன்றி நுழைய முடியாத அடர்த்தியுடையது அது. கரடிகளுக்கு அது புகலிடம். அங்கு வாழும் கிலுகிலுப்பை விரியனுக்கு அந்த நாணற்புதரின் பெயரையே மக்கள் அடைமொழியாக இட்டு வழங்கினர். இத்தகைய இடத்தில் மனிதக் கண் பயன்படாது. காதும் மூக்குமே வழிகாட்டும். ஆகவேதான் வேட்டை நாய் அங்கே இன்றியமையாததாயிற்று.

மோப்பமும் குரலும்

வேட்டை நாய்களில் கண்ணால் கண்டு விரட்டும் இனம் ஒன்று. மோப்பத்தால் தடம் பற்றிச் செல்லும் இனம் மற்றொன்று. நம் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய்கள் முதல் வகையைச் சார்ந்தவை. வெட்டவெளியில் முயலை ஓட்டிப் பிடிக்க நெடிய கால்களும் கூரிய பார்வையும் வேண்டும். அமெரிக்கத் தென்பகுதியின் புதர்க்காடுகளுக்கோ தொங்கும் காதுகளும் ஆழ்ந்த குரலும் உடைய மோப்ப நாய்களே ஏற்றவை. ஜார்ஜ் வாஷிங்டன் தம் பண்ணையில் நரி வேட்டை நாய்களை வளர்த்தார். 1785-ஆம் ஆண்டில் லஃபாயெத் பிரபு பிரான்சிலிருந்து அவருக்கு நாய்களை அனுப்பி வைத்தார். இவ்வாறு பல நாடுகளிலிருந்து வந்த நாய்களின் கலப்பால் அமெரிக்க வேட்டை நாய் இனங்கள் தோன்றின. வட கரோலினா மலைப்பகுதியில் ஜெர்மானியக் குடியேறிகளான பிளாட் குடும்பத்தார் கரடி வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய், 1989-இல் அம்மாநிலத்தின் அரசு நாயாகவே அறிவிக்கப்பட்டது.

நாய் வேட்டையின் நுட்பம் குரலில் இருக்கிறது. பழைய தடத்தை முகரும்போது நாய் விட்டுவிட்டுக் குரல் கொடுக்கும். தடம் புதிதாகும்போது குரல் இடைவிடாது ஒலிக்கும். விலங்கு மரமேறிவிட்டாலோ, திரும்பி நின்று எதிர்த்தாலோ, குரலின் தன்மை முற்றிலும் மாறிவிடும். அரை மைல் தொலைவில் நின்றுகொண்டு, எந்த நாய் முன்னே செல்கிறது, எந்த நாய் தடுமாறுகிறது, விலங்கு ஆற்றைக் கடந்ததா, திரும்பியதா என்று அனைத்தையும் செவியாலேயே அறிபவனே உண்மையான வேட்டைக்காரன். துப்பாக்கி சுடுவது இக்கலையின் கடைசிப் படி. பல நேரங்களில் மிக எளிய படியும் அதுவே.

இங்கேதான் பாம்பு குறுக்கிடுகிறது. மோப்ப நாயின் மூக்கு எப்போதும் தரையை ஒட்டியிருக்கும். கூட்டமாகக் குரைத்துக்கொண்டு ஓடும் நாய்க்குக் கிலுகிலுப்பையின் ஓசை கேட்பது அரிது. பாம்பும் எல்லா வேளைகளிலும் எச்சரிக்கை தருவதில்லை. ஒலியெழுப்பாமல் அசைவற்றுக் கிடந்து தன்னை மறைத்துக்கொள்வதும் உண்டு. எனவே நாய்களுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்கால்களிலுமே விழும். அக்காலத்தில் கடிவாயைக் கீறிவிடுதல், மண்ணெண்ணெய் தடவுதல் போன்ற நாட்டு முறைகளே கைக்கொள்ளப்பட்டன. அவற்றால் பயன் விளைந்ததில்லை. அமெரிக்காவில் கிலுகிலுப்பை விரியனுக்குரிய நச்சுமுறி மருந்து 1927-ஆம் ஆண்டையொட்டித்தான் தயாரிக்கப்பட்டது. இன்று கால்நடை மருத்துவர்கள் நாய்களுக்கும் நச்சுமுறி மருந்தைச் செலுத்துகின்றனர். பாம்பின் மணத்தையும் ஒலியையும் கண்டால் விலகிச் செல்லுமாறு நாய்களைப் பழக்கும் பயிற்சி முகாம்களும் நடத்தப்படுகின்றன.

மனிதரைத் துரத்திய நாய்கள்

இந்த வரலாற்றின் கொடிய பக்கத்தை மறைத்துவிட்டு மேலே செல்வது முறையாகாது. அந்த மண்ணில் நாய்கள் விலங்குகளை மட்டும் வேட்டையாடவில்லை. 1539-இல் ஸ்பானியத் தளபதி தே சோட்டோ புளோரிடாக் கரையில் இறங்கியபோதே, பழங்குடி மக்கள் மீது ஏவுவதற்கென்று போர் நாய்களைக் கொண்டுவந்தான். முந்நூறாண்டுகள் கழித்து, புளோரிடாவின் செமினோல் பழங்குடியினரோடு நடந்த போரின்போது, 1840-இல் கியூபாத் தீவிலிருந்து முப்பத்து மூன்று மோப்ப நாய்கள் தருவிக்கப்பட்டன. நாட்டின் வடபகுதியில் இதற்குக் கடுங் கண்டனம் எழுந்தது. சதுப்பு நிலத்தை உள்ளங்கையைப் போல் அறிந்திருந்த செமினோல்களைக் கண்டுபிடிக்க அந்த நாய்களால் இயலவில்லை.

பருத்தித் தோட்டங்களிலிருந்து தப்பியோடிய கறுப்பின அடிமைகளைப் பிடிப்பதற்கென்றே நாய்களைப் பழக்கி, அதையே தொழிலாகக் கொண்டோர் தென் மாநிலங்களில் இருந்தனர். நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்து, 1841-இல் கடத்தப்பட்டு, லூசியானாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக உழன்ற சாலமன் நார்த்தப், 1853-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் இதனை விவரித்திருக்கிறார். பின்னால் நாய்களின் குரைப்பொலி. முன்னால் நச்சுப் பாம்புகளும் முதலைகளும் நிறைந்த சதுப்பு நிலம். மனிதனை விடப் பாம்பே மேல் என்று துணிந்து அவர் நீருக்குள் இறங்கினார். நீரில் தடம் அழிந்ததால் நாய்கள் வழி தவறின. அவர் உயிர் பிழைத்தார்.

இப்படிப்பட்ட உலகில், நாய்களால் துரத்தப்பட வேண்டியவனாகப் பிறந்த ஒரு சிறுவன், நாய்களை ஆளும் தலைவனாக உயர்ந்தான் என்பதுதான் நாம் கூற வந்த செய்தி.

ஹோல்ட் கோலியர்

ஹோல்ட் கோலியர் 1846-ஆம் ஆண்டை ஒட்டி மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். ஹைண்ட்ஸ் என்னும் தோட்ட முதலாளியின் குடும்பத்துக்கு அவர் உடைமை. வேட்டையாடி இறைச்சி கொண்டுவரும் பணி சிறு வயதிலேயே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்து வயதிலேயே முதல் கரடியைக் கொன்றார் என்பர். எழுதப் படிக்க அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. காட்டையும் நாயின் குரலையும் அவர் தாமே கற்றார்.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, தம் முதலாளியைப் பின்தொடர்ந்து தென்னகப் படையில் சேர்ந்து, டெக்சாஸ் குதிரைப் படையொன்றில் வேவு பார்ப்பவராகப் பணியாற்றினார். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையில் ஓர் அடிமையே ஊழியம் செய்தது நமக்கு வியப்பைத் தரலாம். பிறந்த வீட்டின் பற்றா, வேறு வழியில்லாமையா, இளமையின் துடிப்பா என்று இன்று இருந்த இடத்திலிருந்து நாம் தீர்ப்பு வழங்குவது எளிதன்று. மனித வாழ்க்கை, நாம் வகுக்கும் பிரிவுகளுக்குள் அடங்கிவிடுவதில்லை.

போருக்குப் பின் விடுதலை பெற்ற கோலியர், வேட்டையையே தொழிலாகக் கொண்டார். ஆற்றங்கரை எழுப்புவோர்க்கும், இருப்புப் பாதை அமைப்போர்க்கும், மரம் வெட்டுவோர்க்கும் இறைச்சி தேவைப்பட்டது. அவர்தம் முகாம்களுக்குக் கரடி இறைச்சி வழங்கினார். அவர் கொன்றனவும் கொல்லத் துணைநின்றனவுமாகிய கரடிகள் மூவாயிரத்துக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது.

1902 நவம்பர்

1902-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், மிசிசிப்பி மாநில ஆளுநர் லாங்கினோவின் அழைப்பின்பேரில் கரடி வேட்டைக்கு வந்தார். ஆன்வர்ட் என்னும் சிற்றூருக்கு அருகில், லிட்டில் சன்பிளவர் ஆற்றங்கரைக் காட்டில் முகாம் அமைக்கப்பட்டது. நாய்களும் வழிகாட்டும் பொறுப்பும் கோலியருடையவை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு இருக்கலாம்.

திட்டம் எளியது. தலைவர் ஓரிடத்தில் காத்திருக்க வேண்டும். நாய்கள் கரடியை அவ்விடத்துக்கு ஓட்டி வரும். நவம்பர் 14-ஆம் நாள் நாய்கள் தடம் பற்றின. காடும் கரடியும் திட்டத்துக்குக் கட்டுப்படுவனவல்ல. நெடுநேரம் ஆகியும் கரடி வராமையால், தலைவர் உணவுக்காக இடம் பெயர்ந்தார். அதன்பின் கரடி அப்பக்கம் வந்து, ஒரு குட்டையில் நாய்களால் வளைக்கப்பட்டது. வளைக்கப்பட்ட கரடி ஒரு நாயைப் பற்றி நசுக்கிக் கொன்றது. குடியரசுத் தலைவருக்கென்று கரடியை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது கோலியருக்கு இடப்பட்ட ஆணை. தாம் வளர்த்த நாய்களோ கண்ணெதிரே சாகின்றன. சுட்டால் ஆணை மீறல். சுடாவிட்டால் நாய்கள் அழியும். அவர் குட்டையில் இறங்கித் துப்பாக்கியின் கட்டையால் கரடியின் தலையில் அடித்தார், அதன் கழுத்தில் கயிற்றை மாட்டினார், மரத்தில் கட்டினார். ஒரு கடைநிலை ஊழியர் மேலிடத்து ஆணையையும் காத்துத் தம் பொறுப்பில் உள்ளவற்றையும் காக்க என்ன செய்ய இயலுமோ அதை அவர் செய்தார்.

அழைத்துவரப்பட்ட ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வேட்டை அறமன்று என்று மறுத்தார். துன்புற்றுக் கிடந்த கரடி பின்னர்க் கத்தியால் கொல்லப்பட்டது. இரண்டு நாட்கள் கழித்து, நவம்பர் 16-இல், வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் கிளிஃபர்டு பெரிமென் வரைந்த கேலிச்சித்திரம் வெளிவந்தது. தலைவரின் பெருந்தன்மையை நாடே புகழ்ந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சிறுகடை வைத்திருந்த மாரிஸ் மிச்டம், ரோஸ் மிச்டம் தம்பதியர், தலைவரின் செல்லப் பெயரால் 'டெடி'யின் கரடி என்று ஒரு துணிப் பொம்மையைத் தைத்து விற்றனர். அவர்களும் பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடிவந்த குடியேறிகளே. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் ஸ்டைஃப் நிறுவனமும் கரடிப் பொம்மையைச் செய்தது. சில ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவிற்று.

கரடியைச் சுடாதவரின் பெயர் பொம்மைக்கு வந்தது. கரடியைக் கயிற்றால் பிடித்தவரின் பெயர் உலகுக்குத் தெரியவில்லை. எனினும் ரூஸ்வெல்ட் நன்றி மறந்தவரல்லர். 1907-இல் லூசியானா நாணற்காட்டில் மீண்டும் வேட்டையாட வந்தபோது கோலியரும் அங்கு அழைக்கப்பட்டார். மறு ஆண்டில் எழுதிய கட்டுரையில், எழுத்தறியாத இம்மனிதரின் கம்பீரத்தையும் திறமையையும் ரூஸ்வெல்ட் மனந்திறந்து பாராட்டினார். கட்டுரையைச் சிலர் படித்தனர். பொம்மையைக் கோடிக்கணக்கானோர் வாங்கினர்.

அதே 1907 முகாமில் பென் லில்லி என்ற வெள்ளை வேட்டைக்காரரும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டையாடுவதில்லை என்ற நோன்புடையவர். அவர் நாய்களோடு மேற்கே சென்று, நியூ மெக்சிகோ, அரிசோனா மலைகளில் மலைச்சிங்கங்களையும் கரடிகளையும் வேட்டையாடிப் புகழ்பெற்றார். அங்கும் கிலுகிலுப்பை விரியன்கள் உண்டு. ஆனால் நிலம் வறண்டது. வெயில் ஏறினால் தடத்தின் மணம் கரைந்துவிடும் ஆதலின் விடியற்காலையிலேயே நாய்களை அவிழ்த்துவிட வேண்டும். லில்லியைப் பற்றி 1950-இல் ஜே. ஃபிராங்க் டோபி ஒரு முழு நூலே எழுதினார். லில்லியும் கோலியரும் இறந்தது ஒரே ஆண்டில், 1936-இல். அரசு நிலையில் கோலியரின் பெயர் நிலைபெறுவதற்கு 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் மிசிசிப்பியில் ஒரு தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் பெயரால் அமைந்த முதல் தேசியப் புகலிடம் அது.

மூவாயிரம் கரடிகளின் கணக்கு நம் மனத்தை உறுத்தாமல் இல்லை. வேட்டையாலும், அதனினும் மிகுதியாகப் பருத்திக்கும் மரத்துக்கும் காடுகள் அழிக்கப்பட்டதாலும், அக்கரடியினம் அருகியது. 1992-இல் அருகிவரும் இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்று, ஓரளவு பெருகியபின் 2016-இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பெரும் வேட்டைக்காரரின் பெயரால் இன்று விலங்குகளுக்குப் புகலிடம் அமைந்திருப்பது காலத்தின் மாற்றத்தைக் காட்டுகிறது.

நம்மவர் இருவர்

இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறோம். புளோரிடா மாநிலம், கிலுகிலுப்பை விரியன்களில் மிகப் பெரிய இனம் வாழும் நிலம். அங்கே அண்மைக் காலத்தில் வேறொரு பாம்பு பெருந்தொல்லையாயிற்று. செல்லப் பிராணியாகக் கொண்டுவரப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயல்களையும் பிற சிறு விலங்குகளையும் அழிக்கத் தொடங்கின. 2017-இல் அம்மாநில வனவிலங்குத் துறையும் புளோரிடாப் பல்கலைக்கழகமும், தமிழகத்திலிருந்து இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை வரவழைத்தன. மோப்ப நாய்களும் அதே முயற்சியில் ஈடுபடுத்தப்பட்டன. நாய்கள் மூக்கால் தேடின. இருளர்கள் மண்ணில் படிந்த தடத்தையும் புல்லின் மடிப்பையும் கண்ணால் படித்தனர். இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று பதினாறடி நீளமுள்ள பெண் பாம்பு.

இவ்விருவரின் பின்னால் ஒரு சமூகத்தின் வரலாறு இருக்கிறது. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிழைப்பிழந்தனர். 1978-இல் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, நச்சுமுறி மருந்து தயாரிப்போருக்கு அனுப்பினர். நம் நாட்டு வயல்களில் பாம்பு கடித்து மருத்துவமனையில் உயிர் பிழைத்த எத்தனையோ உழவர்களுக்கு, மருந்து செலுத்திய மருத்துவரின் பெயர் தெரியும். நஞ்செடுத்துக் கொடுத்த இருளரின் பெயர் தெரியாது. 2023-இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. கோலியருக்கு இறந்தபின் அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கிட்டிய சிறப்பு, இவர்களுக்கு வாழும்போதே கிட்டியது நமக்குப் பெருமை தருவதாகும்.

வெளி மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்களைக் கட்டி வளர்த்துவரும் நாம், நம் சங்கங்களின் வரலாற்றையும் அவ்வப்போது எழுதி வைக்கிறோம். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பெருமக்களின் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. பொங்கல் விழாவுக்கு நாற்காலி சுமந்தவர், நூலகத்தில் ஊதியமின்றி மாலைதோறும் புத்தகம் அடுக்கியவர், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கப் பேருந்து ஏறி வந்த அம்மையார் ஆகியோரின் பெயர்களோ மூத்தோரின் நினைவில் மட்டுமே உள்ளன. அம்மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுதல் நம் கடமை. அடுத்த மலரில் அதற்கென்று சில பக்கங்கள் ஒதுக்கப்படுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் அடைந்தவராவோம்.